அணைக்காத போன்

தெருவில் அவரை மெயின்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயரிங் வேலைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும் முன்பே அவர் கேட்கும் முதல் கேள்வி, மெயின் எங்கே இருக்கிறது என்பதுதான். அழைப்பு மணி மாற்றுவதாக இருந்தாலும் சரி, மாடி முழுக்கப் புதுக் கம்பி இழுப்பதாக இருந்தாலும் சரி, மெயினை இறக்கிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார். நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் மசிய மாட்டார். நாடகம் நாளைக்கும் வரும், ஆள் வருவானா என்று ஒரே போடாகப் போடுவார். இத்தனை வருஷத் தொழிலில் அவருக்கு ஒருமுறைகூட ஷாக் அடித்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைக்காரரின் ஒரே மகள் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை அவளுக்கு. காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் மருந்து எண்ணி அனுப்பியவளுக்கு ஒரு மருந்தும் கேட்கவில்லை. அந்தக் கிடங்கு வழியாகப் போகும் பேருந்தில் ஏற மெயின்காரருக்கு இன்னும் கால் வருவதில்லை.

மகள் விட்டுப்போனவற்றில் அந்த வீட்டுக்கு உயிராக இருந்தது அவளுடைய போன். கிடங்கில் எந்நேரமும் இரண்டு கையிலும் பெட்டி இருக்கும், எழுதி வைக்க முடியாது. அதனால் மனதில் பட்டதையெல்லாம் போனிடம் சொல்லிப் பதிந்துவைப்பது அவள் வழக்கம். ஆரம்பத்தில் வேலைக் குறிப்புதான். போகப் போக வீடு, தெரு, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்று எல்லாம் அதில் கலந்துவிட்டது. "மூணாவது அடுக்குல இருமல் மருந்து குறையுது. அம்மாவுக்குச் செருப்பு வாங்கணும், அவங்களா வாங்க மாட்டாங்க. அப்பா நேத்து விட்ட குறட்டையில எதிர்வீட்டு நாய் பதில் குரைச்சுது." இப்படிப் போகும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், அதற்கு மேல் கிடையாது. ஆனால் வருஷக்கணக்கில் சேர்ந்துபோய் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

மகள் போன பிறகு முதல் தடவை அதைக் கேட்டபோது மெயின்காரரும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த பதிவை ஓடவிடப் போன மனைவியின் கையைப் பிடித்துத் தடுத்தது அவர்தான். எல்லாவற்றையும் இன்றைக்கே கேட்டுத் தீர்த்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் பொறுக்காத மனிதர், இதில் மட்டும் தாராளமாகவா இருப்பார்? ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டார். சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிய பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும், பழையதிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும். தினம் ஒன்று கேட்டால், கிழவன் கிழவி ஆகிற வரைக்கும் பிள்ளை தினமும் புதிதாக ஒன்று பேசுவாள் என்று அவர் சொன்னதற்கு மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தப் போனைத் திறப்பது மனைவியின் வலது கட்டைவிரல். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிடங்கிலிருந்து ஏதாவது தகவல் வரும். ஈரக் கையோடு ஓடிவர வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்காக அம்மாவின் கட்டைவிரலையும் போனில் சேர்த்துவைத்தாள். அன்றைக்கு அப்பாவின் விரலையும் சேர்க்கத்தான் பார்த்தாள். எந்த விரலை வைத்தாலும் போன், மறுபடி வையுங்கள், மறுபடி வையுங்கள் என்றே கேட்டது. சிமென்ட் தூசியிலும் கம்பியிலும் தேய்ந்து தேய்ந்து அவர் விரல்கள் வழவழவென்று ஆகியிருந்தன. உங்கள் கையில் ரேகையே இல்லை அப்பா, திருடப் போனால் கடைசி வரைக்கும் மாட்டவே மாட்டீர்கள் என்று சொல்லி மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனாலும் அம்மாவுக்குத் திறக்கிறது நமக்குத் திறக்கவில்லையே என்று உள்ளுக்குள் சின்னதாக ஒரு வருத்தம் இருந்தது.

அது பழைய மாடல். இப்போது வருகிற போன்களைப் போல அடிக்கடி ரகசிய எண்ணைக் கேட்டு உயிரை வாங்காது, விரலை வைத்தால் போதும். எண் ஒன்று இருப்பது இருவருக்கும் தெரியும். அது என்ன எண் என்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் வரவில்லை. மனைவி காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை மறக்காமல் சார்ஜ் போடுவாள். மகள் கடைசியாகக் கையில் வைத்திருந்த நாளிலிருந்து அந்தப் போன் அணைந்ததே இல்லை.

மனைவியின் தம்பி கணினிக் கடை ஒன்றில் வேலை பார்ப்பவன். அக்கா மகள் மீது உயிரையே வைத்திருந்தவன். அந்தப் பதிவுகளை எல்லாம் வேறொன்றில் பிரதி எடுத்துத் தருகிறேன், போன் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்காது என்று அவன் ஒருநாள் வந்து சொன்னான். மெயின்காரருக்கு அது பிடிக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் நாலு பேர் காதில் விழும். நாங்களே இன்னும் கேட்காததை ஊர் கேட்க வேண்டுமா என்று நினைத்தார். பிறகு பார்க்கலாம் மாப்பிள்ளை என்று பேச்சைக் கத்தரித்தார். அவன் வாசல்வரை போய்த் திரும்பி, இன்னொன்று மாமா என்று ஆரம்பித்தான். அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் போன் திறக்க மறுத்தது. மனைவி கட்டைவிரலை வைத்தாள். அது அதிர்ந்துவிட்டுச் சும்மா இருந்தது. முந்தானையில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே அதிர்வு. அன்றைக்குப் பதினைந்து இருபது தடவை முயன்று ஒரே ஒருமுறை திறந்தது. அன்றைய பதிவைக் கேட்டார்கள். அடுத்த நாள் அதுவும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மனைவி அடுப்படியில் நின்றுகொண்டு, அவள் பேசியே ரெண்டு நாளாச்சு என்றாள். அதைக் கேட்டதும் மெயின்காரர் போனை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

விரல் வைக்கிற அந்தச் சில்லுதான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டினார். பொருள் வேலை செய்யாவிட்டால் பொருளில்தான் கோளாறு. அவர் தொழிலில் அதுதான் நடைமுறை. முதலில் போனின் உறையைக் கழற்றி, முதுகுப்பக்கத்தில் இருந்த சில்லை உலர்ந்த துணியால் துடைத்தார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சுற்று விளிம்பைச் சுத்தம் செய்தார். பஞ்சில் கொஞ்சம் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்ததும், அவ்வளவுதான், பிடித்துவிட்டேன் என்று உற்சாகமாகிவிட்டார். மனைவி விரலை வைத்தாள். திறக்கவில்லை. தன் போனில் வீடியோக்களைத் தேடிப் பார்த்தார். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு பையன், சில்லிலிருந்து உள்ளே போகும் நாடாவின் பிடி தளர்ந்திருக்கும், முதுகுமூடியைத் திறந்து அந்தப் பிடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும், வீட்டிலேயே செய்யலாம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மெயின்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதென்ன பெரிய வித்தை, நாம் பார்க்காத இணைப்பா என்று தோன்றியது. மைத்துனனைக் கூப்பிடலாமா என்று மனைவி கேட்டதற்கு, அவன் ஒன்றுக்கு மூன்று சொல்லிக் கடைக்குக் கொண்டுபோவான் என்று மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னலுக்குக் கீழே மேஜையைப் போட்டு வெள்ளைத் துணியை விரித்தார். சின்னத் திருகுகள் உருண்டு ஓடாமல் இருக்க ஒரு டப்பா மூடி. மகளின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து, முதுகுமூடியின் ஓரங்களில் சூடு காட்டினார். பசை இளகியது. பழைய அடையாள அட்டை ஒன்றை ஓரத்தில் செருகி, மெல்ல மெல்லச் சுற்றி வந்தார். மூடி பெயர்ந்து வந்தது. பெரிய பெரிய கேபிள்களை முறுக்கிப் பழகிய கை அது. அன்றைக்கு அது பச்சைக்குழந்தைக்கு நகம் வெட்டுவது போல வேலை செய்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

உள்ளே பாதி இடத்தைப் பேட்டரி அடைத்துக்கொண்டிருந்தது. அதன் இணைப்பு, ஓரத்தில் அரிசி நீளத்துக்கு இருந்தது. மெயின்காரர் வேறு எதையும் தொடாமல் நேராக அங்கே போனார்.

"அணைக்காமச் செய்ய முடியாதாங்க?" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ போட்டது போட்டபடி இருக்கு. அன்னையிலேர்ந்து அணைச்சதே இல்ல."

"உயிர் இருக்கிறதுல கைய வைக்கச் சொல்றியா? பொறி பறந்து நாடா கருகிப் போச்சுன்னா அப்புறம் எல்லாமே போச்சு" என்றார் அவர். அந்த வீடியோப் பையனும் முதலில் பேட்டரியைத்தான் கழற்றினான். தொழில் தெரிந்த பையன் என்று அவர் மனதுக்குள் பாராட்டிக்கூட இருந்தார். அவனுக்கென்ன, அவன் போனின் எண் அவனுக்குத் தெரியும். இவர் நக நுனியால் இணைப்பை நெம்பினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் சுத்தமான வேலை. நாடாவின் பிடியைக் கழற்றினார், மெல்லிய தூரிகையால் துடைத்தார், ஊதினார், அமர்த்தி அழுத்தினார். பேட்டரியைச் சேர்த்தார். ஒட்டுப் பசையைப் புதிதாகத் தடவி மூடியைப் பொருத்தி, மேலே இரண்டு தடித்த புத்தகங்களை வைத்தார். அது காய்கிற நேரத்துக்குத் தேநீர் போடச் சொன்னார். அன்றைக்குக் காலையில் அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு களை இருந்ததை மனைவியும் பார்த்தாள். இன்றைக்கு மூன்று நாள் பாக்கிக்கும் சேர்த்து மூன்று கேட்கலாம், சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று அவரே சொன்னார்.

போனை உயிர்ப்பித்தார். ஒளி வந்தது, ஒரு சின்ன இசை வந்தது. மகளுக்குப் பிடித்த அந்த மஞ்சள் பூப் படம் வந்தது. மனைவியிடம் நீட்டினார். அவள் கட்டைவிரலை வைக்கும் முன்பே திரை, எண்ணை உள்ளிடவும் என்றது. அவர் அவளுடைய விரலைப் பிடித்துச் சில்லின் மேல் வைத்து அழுத்தினார். போன் அணைத்துப் போடப்பட்டதால் எண் தேவை என்றது. விரலை அது கண்டுகொள்ளவே இல்லை.

மெயின்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகளின் பிறந்த நாளைப் போட்டார்கள். இல்லை. அம்மாவின் பிறந்த நாள். இல்லை. வீட்டின் பழைய கதவு எண்ணையும் புதிய கதவு எண்ணையும் சேர்த்துப் போட்டார்கள். இல்லை. மகள் எப்போதாவது ஓட்டிய ஸ்கூட்டரின் எண் என்றாள் மனைவி, அவர் ஓடிப்போய் வெளியே நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். அதுவும் இல்லை. போன் சற்று நேரம் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்து, முதல் வேலையில் சேர்ந்த நாளைப் போட்டார்கள். இன்னும் அதிக நேரம் காத்திருக்கச் சொன்னது. பெற்று வளர்த்து, என்ன சாப்பிடுவாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்றெல்லாம் தெரிந்துவைத்திருந்தவர்களுக்கு, அவள் போனில் போட்டுவைத்த நாலு இலக்க எண் தெரியவில்லை. அது பெரிய குற்றமா என்றால் இல்லை. எந்த அப்பன் அம்மாவுக்குத் தெரியும்? ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களிடம் அந்த நியாயத்தைச் சொல்லிப் பயனில்லை.

அப்பாவின் பிறந்த நாளை மனைவி போடச் சொன்னாள். அவருக்குப் போடப் பயமாக இருந்தது. போட்டார். அதுவும் இல்லை.

மத்தியானம் மைத்துனன் வந்தான். செய்தி கேட்டுக் கடையில் சொல்லிக்கொள்ளாமல்கூட ஓடிவந்திருந்தான். போனை வாங்கிப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. அணைத்துவிட்டுப் போட்டால் இந்த மாடல் விரலை ஏற்காது, எண் கொடுத்தே ஆக வேண்டும், இனி இரண்டொரு தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதை அதுவே அழித்துவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கடையில் கொடுத்தால் போனைப் புதிது மாதிரி ஆக்கித் தருவார்கள், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. அன்றைக்கு வாசலில் நின்று சொல்ல வந்தது இதைத்தான், எந்தக் காரணத்துக்கும் அணைத்துவிடாதீர்கள் என்று. அதை அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"சென்சார்ல கோளாறுன்னு யார் மாமா சொன்னது?" என்றான் பிறகு.

யாரும் சொல்லவில்லை, அவரேதான் சொல்லிக்கொண்டார். மைத்துனன் அக்காவின் கையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கட்டைவிரல் நுனியில் தோல் உரிந்து, வெடித்து, சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தது. மகள் போனதிலிருந்து அவளுக்குப் பாத்திரம் தேய்ப்பதுதான் வேலை. தேய்த்ததையே திரும்பத் தேய்ப்பாள், கறை இல்லாத சட்டியைக் கம்பி நாரும் சோடாத்தூளும் போட்டு உரசுவாள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்பாள். மெயின்காரர் தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டார், கையைப் பார்க்கவில்லை.

"சென்சார் நல்லாத்தான் இருந்திருக்கு மாமா. அக்கா விரல்தான் ரேகை போயிருக்கு. தைலம் போட்டு ரெண்டு வாரம் விட்டிருந்தா தானா திறந்திருக்கும்."

யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரேகை தேய்ந்த விரலை அந்தப் போன் ஏற்காது என்று பிள்ளை அவர் கையைப் பிடித்து வைத்துச் சிரித்துக் காட்டியிருக்கிறாள். அது அவருக்கு ஞாபகமே வரவில்லை. மெயினை அணைக்க மட்டும் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் அத்தனை வீடுகளைக் காப்பாற்றிய கை, தன் வீட்டில் இருந்த ஒன்றை அணைத்துவிட்டது. அவர் வாய்விட்டு அழுதார். மைத்துனன் தோளைப் பிடித்தும் அடங்கவில்லை.

மனைவி அழவில்லை. நான் கேட்டேனே, அணைக்காமல் செய்ய முடியாதா என்று, என ஒரே ஒருமுறை சொன்னாள். அதைக்கூடச் சண்டையாகச் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துச் சார்ஜ் போட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சாப்பிட வாருங்கள், கதவைச் சாத்துங்கள், அவ்வளவுதான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் மெயின்காரருக்குக் கால் தானாகப் போன் இருக்கும் மேஜைக்குப் போகும். போன பிறகுதான் இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்று உறைக்கும். திரும்பி வந்து வாசற்படியில் உட்காருவார். வேலைக்குப் போகிற இடங்களில் மெயின் எங்கே என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்காமல் தானே தேடிப் போய் இறக்குவார்.

இப்படியே இருந்த ஒரு சாயங்காலம், மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு உள்ளதைச் சொல்லவா?" என்றாள்.

என்ன இன்றைக்கு உள்ளது என்று அவருக்கு விளங்கவில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பகலில் தனியாக இருக்கும்போது தாங்க முடியாமல் போனைத் திறந்து கேட்டிருக்கிறாளாம். ஒன்று இரண்டில்லை. தினமும் கேட்டிருக்கிறாளாம். முன்னால் போய்ப் போய்க் கடைசிவரை கேட்டுவிட்டாளாம். நிறைய மனப்பாடமே ஆகிவிட்டதாம்.

மெயின்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்டம் போட்டது எதற்கு, சேர்ந்து கேட்பது என்று பேசிக்கொண்டது எதற்கு, நான் ஒருத்தன் மட்டும் தினம் ஒன்று என்று காத்துக்கொண்டு கிடந்தேனா என்று கத்தினார். திருட்டுத்தனம் என்றுகூடச் சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உள்ளே ஏதோ அவிழ்ந்தது. எல்லாம் போகவில்லை. இவள் காதுக்குள் இருக்கிறது. கத்திக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தி, "என்ன சொன்னா?" என்று கேட்டார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "கிடங்குல எலி வந்திருக்கு. பொறி கேட்டா, பூனை வளர்க்கலாமேங்கிறாரு மேனேஜர். பூனைக்குச் சம்பளம் குறைச்சலாம். அம்மா கண்ணாடியோட காது உடைஞ்சிருக்கு, சனிக்கிழமை மறக்காம எடுத்துட்டுப் போகணும்."

மகள் பேசுகிற அதே வேகம், அதே வெட்டு. மெயின்காரர் அழுகையும் சிரிப்புமாகத் தலையை ஆட்டினார். அன்றைக்குப் பிறகு தினமும் அவர் சீக்கிரமே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்து கைகால் கழுவிவிட்டு உட்காருவார். மனைவி ஒன்று சொல்வாள். கிடங்கில் சண்டை போட்ட இரண்டு லாரி டிரைவர்கள், பேருந்தில் தோளில் சாய்ந்து தூங்கிய அம்மாள், மழையில் நனைந்த இருமல் மருந்துப் பெட்டிகள். ஒருநாள் அவரைப் பற்றியும் வந்தது. அப்பா இன்றைக்கு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார், முதுகு வலிபோல, கேட்டால் இல்லை என்பார், தைலத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும் என்று. அன்றைக்கு ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார்.

பாவி, என்னை ஏமாற்றிவிட்டுத் தனியாகக் கேட்டிருக்கிறாயே என்று இடையிடையே மனைவியைச் சீண்டவும் செய்தார். அவள் லேசாகச் சிரிப்பாள். ஏமாற்றியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அவர் மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வார். தன் சட்டத்தை அவள் மதிக்காமல் போனதால்தானே பிள்ளை மிஞ்சினாள் என்று நினைத்துக்கொள்வார்.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு ஒரே வெயில். கிடங்குல ஃபேன் ஓடல, அப்பாவைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. அப்பா நம்ம சமையலறைக் குழாயை மாத்திட்டாரு. இது திருகவே வேண்டாம், மேல தூக்கினாலே தண்ணி வருது. அம்மா கைக்கு ரொம்பச் சௌகரியம். அப்பா வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இப்படித்தான் எதையாவது செஞ்சு வைப்பாரு. அவர் மேல யாருக்கும் கோபம் இல்ல."

தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த மெயின்காரர் ஆட்டுவதை நிறுத்தினார்.

அந்தக் குழாயை அவர் மாட்டிப் பத்து நாள்தான் ஆகிறது. தோல் உரிந்த விரலோடு மனைவி பழைய குழாயைத் திருக முடியாமல் முகம் சுளித்ததை ஒருநாள் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வாய் வராமல், கடைகடையாய் அலைந்து வாங்கிவந்து அவர் கையாலேயே மாட்டியது. மகளுக்கு அப்படி ஒரு குழாய் அந்த வீட்டில் வரப்போவதே தெரியாது.

அப்படியானால் எலியும் இல்லை. லாரி டிரைவர்களும் இல்லை, தைலமும் இல்லை. மனைவி எதையும் கேட்டிருக்கவில்லை. பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில், கைக்கெட்டுகிற தூரத்தில் மகளின் குரல் இருந்தும், தன் கட்டைவிரல் பட்டால் திறக்கும் என்று தெரிந்தும், புருஷன் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள்கூட மீறவில்லை. மீறியிருக்கக் கூடாதா என்று அவருக்கு நெஞ்சு வெடித்தது. ஒரே ஒருமுறை என்னை ஏமாற்றியிருக்கக் கூடாதா என்று மனைவியின் காலில் விழுந்து கேட்க வேண்டும் போலிருந்தது.

சத்தம் இல்லாததைக் கண்டு மனைவி கண்ணைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குழாய் என்று சொன்னது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் கிடந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன.

மெயின்காரர் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"குழாய் பிடிச்சிருக்குன்னு சொன்னாளா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னா" என்றாள் மனைவி. அதற்கு மேல் மகள் மாதிரிப் பேச அவளுக்கு வரவில்லை.